பரிசு மாட்டுக்கு வழி காட்டிய டிஷ்லி குத்தகைக்காரர்

ஊரில் கால்நடை மருத்துவ முகாம் போட்டு, கிடேரிக் கன்றுகளுக்குப் பரிசு கொடுக்கிற நாளில் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். விடியும்போதே நதியுண்ணிக் கால்வாயில் கன்றுகளை இறக்கி, வைக்கோல் பிரியால் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். நெற்றிக்குக் குங்குமம், கழுத்துக்குச் சலங்கை, புதுக் கயிறு என்று அலங்காரம் நடக்கும். பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் கூட்டத்தைக் கண்டதும் அதே கன்று மிரண்டு துள்ளும். இரண்டு ஆள் பிடித்தும் நிற்காது. மருத்துவர் முதுகில் கை வைக்க விடாது. கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருக்க, இன்னொரு கன்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும். பரிசு யாருக்கு என்பது அப்போதே பாதி முடிவாகிவிடும்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 250 ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு குத்தகை விவசாயி நினைவுக்கு வருவார். அவர் பெயர் ராபர்ட் பேக்வெல். அவருடைய பெரிய பொலிகாளைகளைச் சின்னப் பையன்கள் ஒரு மெல்லிய குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு நடத்திப் போவார்கள். பார்க்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். உலகத்தில் இன்று நடக்கும் மாட்டுக் கண்காட்சிகளுக்கும், இனப்பெருக்கப் பதிவேடுகளுக்கும், நமக்குச் சினை ஊசியாக வரும் காளை விந்துக் குச்சிகளுக்கும் கூட, அடியில் போய்ப் பார்த்தால் இந்த மனிதரின் தொழுவம் தெரியும்.

அவர் வளர்த்தது இறைச்சி மாடு. அதைச் சொன்னதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் வட்டாரத்தில் மாடு பாலுக்கும் உழவுக்கும், கன்னி ஆடும் செம்மறியும்தான் கறிக்கு. ஆனால் ஒரு பிராணியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழக்குவது, சபையில் எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அவரும் மாட்டோடு செம்மறி, குதிரை, பன்றி என நான்கையும் வைத்துத்தான் பாடம் படித்தார்.

சொந்த நிலம் இல்லாதவர்

1725-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் லஃப்பரோ ஊருக்குப் பக்கத்தில் உள்ள டிஷ்லி பண்ணையில் பிறந்தார் பேக்வெல். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அதே பெயர்தான். தலைமுறையாகக் குத்தகைக்காரர்கள். இளவயதில் இங்கிலாந்தின் பல பகுதிகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், யார் எப்படிப் பயிர் செய்கிறார்கள், மாட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். 1760-ஐ ஒட்டிப் பண்ணை நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டைச் சகோதரி ஹன்னா பார்த்துக்கொண்டார்.

பண்ணை 440 ஏக்கர். அதில் ஏறக்குறைய கால்பங்குதான் உழவு நிலம். மீதி எல்லாம் புல். குத்தகைக்காரர் என்றாலும் ஒரு மிராசுதாருக்குரிய விரிவான ஏற்பாடுகள் அங்கே இருந்தன. 1770-இல் ஆர்தர் யங் என்ற வேளாண் எழுத்தாளர் டிஷ்லிக்கு வந்தார். அங்கே 60 குதிரை, 400 செம்மறி, சிறிதும் பெரிதுமாக 150 மாடு இருந்ததாகக் கணக்கெடுத்து எழுதினார். அந்தப் பரப்புக்கு இது மிக அதிகம். இவ்வளவுக்கும் தீனி எங்கிருந்து வந்தது என்பதுதான் ஒரு பயிர்க்காரனாக எனக்கு முதலில் எழும் கேள்வி.

விடை தண்ணீர். பண்ணை வழியே போகும் ஓடையிலிருந்து வாய்க்கால்கள் வெட்டி, மதகு வைத்து, புல்வெளிகளுக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்சினார். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் மழையை நம்பிய அந்த ஊரில், புல்லுக்குப் போய்த் தண்ணீர் கட்டுவதா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். நாமும் நெல்லுக்கும் வாழைக்கும் பாய்ச்சுவோம். தீவனத்துக்கு ஒரு மடை திறக்க இன்றைக்கும் மனது வராது. பாய்ச்சாத துண்டை ஒதுக்கிவைத்து, பாய்ச்சிய இடத்தில் எவ்வளவு புல் கூடுதல் என்று பார்வையாளர்களுக்குக் காட்டும் பழக்கமும் அவருக்கு இருந்தது. இன்று வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் செயல்விளக்கத் திடல் என்று போடுகிறோமே, அதுவேதான்.

அந்த வாய்க்காலை அவர் இன்னொன்றுக்கும் பயன்படுத்தினார். மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கை வயலில் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிடுவார். அது மிதந்துகொண்டே தொழுவத்துக்கு வந்து சேரும். வண்டிக் கூலி மிச்சம். மண்ணும் கழுவப்பட்டிருக்கும். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். வாழைத்தாரைத் தலையில் சுமந்து வரப்பில் நடக்கும் ஆட்கள் கண் முன்னே வந்தார்கள்.

தொழுவமும் பார்க்க வேண்டிய ஒன்று. மாடு நிற்கும் இடத்தைக் கல் பாவி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக உயர்த்தியிருந்தார். நீளம் மாடு நிற்கவும் படுக்கவும் சரியாக இருக்கும். சாணம் பின்னால் தாழ்ந்த பகுதியில் விழும். படுக்கைக்கு வைக்கோல் போடாமலே உடம்பு சுத்தமாக இருக்கும். வைக்கோல் எல்லாம் தீனிக்கு மிச்சம். நம் கொட்டகைகளில் மழைக்காலத்தில் மாடு சாணத்திலேயே படுத்து எழுந்து, தொடையில் காய்ந்த சாணம் ஓடாகப் பிடித்திருப்பதைப் பாருங்கள். கண்காட்சிக்கு முந்தின நாள் அதைச் சுரண்டி எடுத்தால் மயிரோடு வரும். தரையைச் சரிவாக்கிப் பின்னால் ஒரு கால்வாய் விட்டால் அந்த வேலையே இல்லை.

நல்லதை வெட்டுக்கு, கழித்ததை இனத்துக்கு

அவர் வேலையைத் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்து மாடுகளின் நிலை என்ன? மாடு முதலில் இழுவைக்கு, அப்புறம் பாலுக்கு. வயதாகி ஓய்ந்தபின் கறிக்கு. செம்மறி கம்பளிக்கு. பொது மேய்ச்சலில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத் திரிந்ததால் எது எதோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. கொழுத்து விரைவாக வளர்ந்த குட்டியைக் கசாப்புக்காரர் முதலில் வாங்கிப் போய்விடுவார். தேறாமல் மந்தையில் தங்கியது பொலிக் கிடாவாகும்.

இந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு கன்னி ஆட்டுக் கிடாக்குட்டிகளில் நன்றாக வளர்வது எதுவோ அதற்குத்தான் கொடை விழாவுக்கும் பக்ரீத்துக்கும் முதலில் ஆள் வருகிறது. மேலப்பாளையம் சந்தையில் அதுதான் விலை போகிறது. வீட்டில் நிற்பது இரண்டாவது குட்டி. அடுத்த ஆண்டு மந்தையில் பிறக்கும் குட்டிகளுக்கு எல்லாம் அப்பா அதுதான். பத்து ஆண்டு இப்படியே போனால் மந்தை சிறுத்துப்போவதில் வியப்பென்ன? தீவனத்தைக் குறை சொல்கிறோம், மழையைக் குறை சொல்கிறோம்.

பேக்வெல் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். ஆணையும் பெண்ணையும் பிரித்தார். எது எதோடு சேர வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். சிறந்ததை விற்காமல் இனத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை விற்றார்.

மாட்டில் அவர் எடுத்துக்கொண்டது நீளக்கொம்பு இனம். கான்லி என்ற ஊரில் வெப்ஸ்டர் என்பவரிடம் நல்ல கிடேரிகள் இருந்தன. அங்கிருந்து இரண்டை வாங்கினார். வடக்கே வெஸ்ட்மோர்லாந்திலிருந்து ஒரு காளையைக் கொண்டுவந்தார். அந்தச் சேர்க்கையில் 1765-இல் பிறந்த காளைக்கு ட்டூபென்னி என்று பெயர், அதாவது இரண்டு காசு. காசுக்குப் பெறாத பெயர்தான். ஆனால் டிஷ்லி மாட்டு வம்சம் முழுவதும் அதிலிருந்துதான் பெருகியது. அதன் வாரிசுகளில் ஒன்றுக்கு ‘டி’ என்ற ஒற்றை எழுத்துதான் பெயர். அதற்குப் பிறந்த இன்னொன்று ஷேக்ஸ்பியர். பெயர் வைத்துப் பரம்பரையைச் சொல்ல முடிந்ததே பெரிய மாற்றம். உங்கள் தொழுவத்தில் நிற்கும் கிடேரிக்கு அப்பா எந்தக் காளை என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

அவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்? நம் தரகர்கள் சுழி பார்ப்பார்கள், கொம்பு பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள். பேக்வெல் காலத்தில் இங்கிலாந்தில் பெரிய உடம்பையும் தடித்த எலும்பையும் கண்டு மதிப்பவர்கள் அதிகம். அவர் எலும்பு மெலிந்திருக்க வேண்டும் என்றார். எலும்பை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. தின்ற புல் எலும்பாகவும் குடலாகவும் போகாமல், விலை போகும் இடங்களில், அதாவது முதுகிலும் பின்தொடையிலும், சதையாக வேண்டும். இளவயதிலேயே அது நிறைய வேண்டும். செம்மறியைப் புல்லைக் காசாக்கும் இயந்திரமாகவே அவர் பார்த்தார்.

கண்ணை மட்டும் நம்பவில்லை, கையை நம்பினார். விரலால் முதுகையும் விலாவையும் அழுத்தி, தோலுக்கு அடியில் இருப்பது கெட்டியா, மெத்தென்றிருக்கிறதா என்று பார்ப்பார். நம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன், தரகர் ஆட்டின் இடுப்பெலும்பை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பாரே, அந்தக் கைதான். ஆனால் பேக்வெல் அதோடு நிற்கவில்லை. வெட்டிய தன் மாடு, ஆடுகளின் எலும்புக் கூடுகளை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார். தொடைகளை உப்புநீரில் ஊறப்போட்டுப் பாதுகாத்தார். எந்தத் தலைமுறையில் எலும்பு எவ்வளவு மெலிந்தது, கொழுப்பு எத்தனை விரற்கடை ஏறியது என்று அருகருகே வைத்து ஒப்பிட்டார். விருந்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் மிரண்டிருக்கலாம். எனக்கு அது ஒரு ஆய்வுக்கூடமாகத் தெரிகிறது.

வாடகைக் கிடா

அவருடைய மூளைக்கு நான் அதிகம் மரியாதை செய்வது இந்த ஒரு விஷயத்துக்காக. கிடாவை விற்கமாட்டார். ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுவார். 1760-இல் முதல் கிடாக்களை விட்டபோது கிடைத்தது ஒரு பவுனுக்கும் குறைவான தொகை. ஊரார் சிரித்தார்கள். 1789-ஆம் ஆண்டுப் பருவத்தில் மூன்று கிடாக்களுக்கு மட்டும் 1,200 கினி கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரு கினி என்பது ஒரு பவுனுக்குச் சற்று மேல். கூலியாள் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தாலும் அந்த மூன்று கிடாவின் வாடகைக்கு எட்டமாட்டார்.

பணத்தைவிடப் பெரிய லாபம் வேறு. வாடகைக்குப் போன கிடா பல ஊர்களில், பல விதமான பெட்டைகளோடு சேர்ந்து குட்டி போடவைக்கும். பேக்வெல் குதிரையேறிப் போய் அந்தக் குட்டிகளைப் பார்ப்பார். எந்தக் கிடாவின் குட்டிகள் எங்கே போனாலும் நன்றாக வருகின்றனவோ, அந்தக் கிடாவைத் திரும்ப வரவழைத்துத் தன் மந்தைக்கு வைத்துக்கொள்வார். கிடாவின் அழகைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் குட்டிகளைப் பார்த்துக் கிடாவுக்கு மதிப்பெண் போட்டார். இன்று வழித்தோன்றல் சோதனை என்று சொல்வது இதைத்தான். பால் மாட்டுக் காளைகளுக்கு இது இல்லாமல் தேர்வு சரியாக நடக்காது, ஏனென்றால் காளை பால் கறக்காது. மகள்களின் பாலைப் பார்த்துத்தான் அப்பாவை எடை போட முடியும். உங்கள் மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் விந்துக் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டு, மாட்டின் 12 இலக்கக் காதுவில்லை எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். காசு செலவில்லை.

அவர் செய்த நியூ லெஸ்டர் செம்மறி, மற்றவை மூன்று நான்கு ஆண்டில் எட்டும் நிலையை இரண்டே ஆண்டில் எட்டியது. அந்த இரத்தம் ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை போனது.

குச்சி பிடித்த பையன்

இனி முதலில் சொன்ன காளைகளுக்கு வருவோம். வயலில் நிற்கும் காளையிடம் யார் வேண்டுமானாலும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். அது அசையாது. இது அந்த இனத்தின் குணம் மட்டும் இல்லை. கன்றிலிருந்தே தட்டிக்கொடுத்து, கையால் தீனி காட்டி, அடிக்காமல் வளர்த்த பழக்கம். தன் பண்ணையில் எந்தப் பிராணியையும் யாரும் முரட்டுத்தனமாக நடத்தக் கூடாது என்பதில் பேக்வெல் கண்டிப்பானவர். பயந்த மாடு தின்றது உடம்பில் ஒட்டாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆகவே பரிசுக்குக் கன்றைக் கொண்டுபோக நினைப்பவர்கள், முகாமுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். தினமும் கால் மணி நேரம் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். வீட்டில் பொறுமையான பிள்ளை யாரோ அவரிடம் விடுங்கள். நிறுத்தும்போது நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்கப் பழக்குங்கள். வாய், மடி, கால், வால் எல்லா இடத்தையும் தொட்டுப் பழக்கினால் அந்நியர் கை பட்டாலும் மிரளாது. பேருந்து ஓசை, ஒலிபெருக்கி ஓசை எல்லாம் கொஞ்சம் காதில் விழட்டும். குளம்பை முந்தின நாள் வெட்டினால் நொண்டும். இரண்டு மூன்று வாரம் முன்பே சீர் செய்யுங்கள். கடைசி வாரத்தில் உடம்பு ஏற்றுவதற்காகத் தவிடும் புண்ணாக்கும் அரிசிக் கஞ்சியுமாக அள்ளிப் போடாதீர்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகத்தில் எத்தனை மாடு வயிறு உப்பிப் படுத்துக் கிடக்கிறது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடர்தீவனத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். கம்பு நேப்பியர் ஒரு பங்கும், வேலிமசாலோ அகத்தியோ கொஞ்சமும் வரப்போரத்தில் இருந்தால் உடம்பு தானாக மினுங்கும். எண்ணெய் பூச வேண்டியதில்லை.

ஈரலில் இருந்த ரகசியம்

பேக்வெல் உத்தமர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தன் முறைகளைப் பற்றி அவர் எதுவும் எழுதி வெளியிடவில்லை. நண்பர் ஜார்ஜ் கல்லிக்கு எழுதிய கடிதங்கள்தான் மிச்சம். 1783-இல் டிஷ்லி சங்கம் என்று ஒன்று தொடங்கி, கிடா வாடகையில் இனம் வெளியே சிதறிவிடாமல் உறுப்பினர்களுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

அதைவிடக் கூர்மையான தந்திரம் ஒன்று அவர் மேல் சொல்லப்படுகிறது. கழித்த செம்மறிகளைக் கசாப்புக்கு விற்றால், வாங்கியவர் வெட்டாமல் இனத்துக்கு வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அதைத் தடுக்க, வெயில் காலத்தில் புல்வெளியில் தண்ணீர் விட்டு, வடிந்தபின் அந்த ஈரத்தில் ஆடுகளை மேயவிடுவாராம். சில வாரத்தில் ஈரல் கெட்டுவிடும். கறிக்கு ஆகும், குட்டிக்கு ஆகாது. ஈரலில் வருவது தட்டைப்புழு. அது நத்தை வழியாகப் பரவுகிறது என்பது 1880-களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நூறு ஆண்டு முன்பே, காரணம் தெரியாமலே, எந்தப் புல்லில் எப்போது நோய் ஒட்டும் என்று ஒரு விவசாயி கணக்காகத் தெரிந்துவைத்திருந்தார்.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் நீங்கள் இதைக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய்க்கால் ஓரம், குளத்து உள்வாய், அறுத்த நெல்வயலின் ஈரம், இங்கெல்லாம் நத்தை இருக்கிறது. அதே புல்லைத்தான் நம் மாடும் எருமையும் ஆடும் மேய்கின்றன. தாடைக்கு அடியில் பை போல நீர் கோத்து, மாடு மெலிந்துகொண்டே போனால் காலம் தாழ்த்தாதீர்கள். நான் பயிர்க்காரன், மருந்தின் பெயரும் அளவும் நான் சொல்லக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் சாணத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தண்ணீர் வடிந்த உடனே அந்தப் புல்லில் அவிழ்த்துவிடாமல், அறுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுவது ஓரளவு காப்பு.

தொழுவத்துக்கு வந்த விருந்தாளிகள்

நல்ல உயரம், தடித்த உடம்பு, வெயிலில் சிவந்து கறுத்த முகம். பழுப்பு நிறத் தொளதொள கோட்டு, உள்ளே சிவப்புச் சட்டை, தோல் காற்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். இந்தக் கோலத்தில்தான் கூலிக்காரரையும் வரவேற்றார், ரஷ்ய இளவரசர்களையும் பிரெஞ்சு, ஜெர்மானியப் பிரபுக்களையும் வரவேற்றார். யாருக்காகவும் உடை மாற்றவில்லை, சாப்பாட்டு நேரத்தையும் மாற்றவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பெரிய சமையலறையில் சாப்பாடு. தன் கருங்குதிரை ஒன்றை மன்னர் மூன்றாம் ஜார்ஜ் முன் கொண்டுபோய் நிறுத்திக் காட்டவும் செய்தார்.

இவ்வளவு புகழுக்கு நடுவில் 1776-இல் அவர் திவால் ஆனார். பண்ணையில் போட்ட முதலும் விருந்துச் செலவும் வருமானத்தை மீறிப் போயின. இனத்தைச் சீராக்குவது பத்து இருபது ஆண்டு வேலை. கடன்காரர் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. எப்படியோ மீண்டார். கிடா வாடகை உச்சத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான். கையில் பதிவேடும் மந்தையும் இருந்ததால் எழ முடிந்தது என்று நினைக்கிறேன். விற்றுத் தீர்த்திருந்தால் இன்று அவர் பெயரைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

1795 அக்டோபர் 1-ஆம் தேதி, 70 வயதில், டிஷ்லியிலேயே இறந்தார். பண்ணையை மருமகன் முறையான ஹனிபோர்ன் ஏற்று நடத்தினார். பேக்வெல்லை அடக்கம் செய்த சின்னத் தேவாலயம் இன்று கூரை இல்லாத சுவர்களாக நிற்கிறது.

அவர் இறந்து மூன்று ஆண்டுக்குப் பின், 1798-இல் லண்டனில் ஸ்மித்ஃபீல்டு சங்கம் தோன்றியது. கொழுத்த மாடுகளுக்குப் பரிசு தரும் கண்காட்சி அங்கே பெரிதானது. டிஷ்லிக்கு வந்து பாடம் கற்றுப்போன சார்லஸ் காலிங், வடக்கே டர்ஹாம் பகுதியில் குட்டைக்கொம்பு இனத்தில் அதே முறையைச் செய்தார். அவரிடம் 1796-இல் பிறந்த ஒரு எருது 1,300 கிலோவுக்கு மேல் எடை ஏறியது. அதற்கென்றே செய்த வண்டியில் ஏற்றி, ஏறக்குறைய ஆறு ஆண்டு நாடு முழுவதும் காசுக்குக் காட்டினார்கள். 1807-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அதன் இடுப்பு நழுவியது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு வெட்டினார்கள். அந்தக் காலப் படங்களில் மாடுகளைப் பார்த்தால் மேசைக்கு நான்கு குச்சி செருகியது போல இருக்கும். பரிசுக்காகச் சில மாடுகளை நடக்கக்கூட முடியாத அளவுக்குக் கொழுக்கவைத்தார்கள். கொழுப்பு கூடினால் வளைந்த முதுகும் பலவீனமான காலும் பார்வைக்கு மறைந்துபோகும். நம் பரிசுக் குழுவில் உட்காரும் நண்பர்கள் அதனால்தான் கன்றை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பேக்வெல்லின் சொந்த மாட்டுக்கு என்ன ஆனது என்பதுதான் எனக்கு வருத்தம் தரும் பகுதி. சதையையும் கொழுப்பையும் மட்டுமே பார்த்து, நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததில், நீளக்கொம்பு மாட்டின் பால் குறைந்தது. சினைப் பிடிப்பும் குறைந்தது. செம்மறியில் வென்ற அதே முறை மாட்டில் பாதியில் நின்றது. பாலும் கறியும் சேர்த்துத் தந்த குட்டைக்கொம்பு மாடு சில பத்தாண்டுகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சொந்தத்துக்குள் சேர்ப்பதை அவர் தாக்குப்பிடித்தது, மந்தை பெரியது, தேறாததை ஈவிரக்கம் இல்லாமல் கழித்தார் என்பதால். பத்து ஆடு வைத்திருக்கும் நாம் அதைச் செய்ய முடியாது. ஒரே கிடா தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ந்தால் குட்டிகள் நோஞ்சானாகும், இறப்பும் கூடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொண்டாலும் போதும். பேக்வெல்லைப் போல வாடகைக்கு விட்டாலும் சரி. ஆனால் அந்த ஈத்தின் முதல் குட்டி எது, நன்றாக வளர்ந்தது எது என்று பார்த்து, கொடைக்கு ஆள் வருவதற்கு முன்பே அதன் கழுத்தில் ஒரு அடையாளக் கயிற்றைக் கட்டிவிடுங்கள்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் நீளக்கொம்பு மாடு அழியும் நிலைக்குப் போய்விட்டது. விடாமல் வைத்திருந்த சில பண்ணைக்காரர்களின் தொழுவங்களிலிருந்து அது மறுபடி பெருகி, இன்று இங்கிலாந்தின் கண்காட்சித் திடல்களில் வந்து நிற்கிறது. முதுகில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, முகத்தை நோக்கி வளைந்த கொம்பு. சாதுவான மாடு, கூட்டத்தில் மிரளாது.